வடக்கு சென்டினல் தீவு மக்களை ஏன் தனியே விட்டிருக்கிறோம்?

கேள்வி இது: "நிலவில் கலம் இறக்கிய நாடு நாம். நம் எல்லைக்குள்ளேயே இருக்கும் வடக்கு சென்டினல் தீவுக்குப் போய், அங்குள்ள பழங்குடியினருக்கு ஒரு தடுப்பூசி போட முடியாதா? பள்ளிக்கூடமும் மருந்தும் இல்லாமல் அவர்களைக் காட்டுக்குள் விட்டுவைத்து வேடிக்கை பார்ப்பது கொடுமை இல்லையா?"

நல்ல மனதோடுதான் கேட்டிருக்கிறீர்கள். அதனால் இரண்டு வரியில் பதில் சொல்லித் தட்டிக்கழிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு அடியில் ஒரு நினைப்பு கிடக்கிறது. அந்த மக்கள் நம்மைப் பார்த்ததே இல்லை, அதனால் பயப்படுகிறார்கள், நாலு முறை பழகிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நினைப்பு. அங்கேதான் தவறு தொடங்குகிறது. அவர்கள் நம்மைப் பார்த்திருக்கிறார்கள். நம்மால் செத்தும் இருக்கிறார்கள். கரையில் நின்று அவர்கள் நாணேற்றுவது நம்மைத் தெரிந்துகொண்ட பிறகு சொல்லும் பதில் என்றுதான் நான் நினைக்கிறேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்தமான் தீவுகளின் தலைநகரான போர்ட் பிளேருக்கு (2024 முதல் அரசுப் பெயர் ஸ்ரீ விஜயபுரம்) மேற்கே சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் கடலில் தனியாகக் கிடக்கும் தீவு அது. பரப்பு ஏறத்தாழ 60 சதுர கிலோமீட்டர். சுற்றிலும் பவளப்பாறை, அதற்குள் ஆழமில்லாத நீர், பிறகு மெல்லிய மணல் கரை, அதற்கப்பால் கண்ணுக்கெட்டிய வரை அடர்ந்த காடு. துறைமுகம் அமைய வாய்ப்பில்லாத கரை. 'சென்டினல்' என்றால் ஆங்கிலத்தில் காவலாள். அது வெளியார் வைத்த பெயர். அவர்கள் தங்களை என்ன சொல்லி அழைத்துக்கொள்கிறார்கள் என்பது உலகில் வேறு எவருக்கும் தெரியாது.

பயிர் செய்வதில்லை. காட்டுப்பன்றி வேட்டை, ஆமை, மீன், தேன், காட்டில் கிடைக்கும் கிழங்கும் பழமும் அவர்கள் உணவு. பக்கக்கட்டை பொருத்திய ஒடுங்கிய தோணிகளைக் கழியால் ஊன்றித் தள்ளிக்கொண்டு பாறைக்கு உட்பட்ட நீரில் மட்டும் போவார்கள். "கற்காலத்தில் உறைந்துபோன மனிதர்கள்" என்று பத்திரிகைகள் திரும்பத் திரும்ப எழுதுகின்றன. அவர்களுடைய அம்பு முனைகளில் இருப்பது இரும்பு. கரை ஒதுங்கிய பொருள்களிலிருந்தும் உடைந்த கப்பல்களிலிருந்தும் எடுத்துத் தட்டிக் கூராக்கிக்கொள்கிறார்கள். 1981 ஆகஸ்டில் 'பிரிம்ரோஸ்' என்ற சரக்குக் கப்பல் அந்தப் பாறையில் தட்டி நின்றது. மாலுமிகள் பல நாள் கப்பலிலேயே அஞ்சி நடுங்கிக் கிடந்து, ஹெலிகாப்டரில் மீட்கப்பட்டார்கள். விட்டுச் சென்ற கப்பல் தீவு மக்களுக்கு இரும்புச் சுரங்கம் ஆனது. அது என்ன பொருள், எதற்கு உதவும் என்று கண்டுபிடித்துத் தங்கள் தேவைக்குத் திருத்திக்கொண்டவர்களைக் காலத்தில் உறைந்தவர்கள் என்று சொல்ல முடியுமா?

இனி கதைக்கு வருகிறேன். இந்தக் கடல் வழியாகக் கப்பல்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகப் போய்வந்திருக்கின்றன. ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் வரும் மாநக்கவாரம் தெற்கே இருக்கும் நிக்கோபார்தான். அந்தமான் கரைகளில் மனிதர்களைப் பிடித்து அடிமைகளாக விற்ற கொள்ளைக் கப்பல்களும் வந்திருக்கின்றன. 1771-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் அளவைக் கப்பல் ஒன்று இரவில் கடந்துபோகும்போது சென்டினல் கரையில் வெளிச்சங்களைக் கண்டு குறித்துவைத்தது. 1867-இல் 'நினவே' என்ற வணிகக் கப்பல் பாறையில் மோதி உடைந்து, பயணிகளும் மாலுமிகளுமாக நூற்றுச் சொச்சம் பேர் கரையேறினார்கள். மூன்றாம் நாள் தீவு மக்கள் தாக்கினார்கள். வந்தவர்கள் கையில் கிடைத்ததைக் கொண்டு போராடித் தாக்குப்பிடித்து, பின்னர் கடற்படைக் கப்பலால் மீட்கப்பட்டார்கள்.

இதையெல்லாம் விட முக்கியமானது 1880. மாரிஸ் விடால் போர்ட்மேன் என்ற இளம் பிரிட்டிஷ் அதிகாரி ஆயுதமேந்திய பெரிய குழுவோடு தீவில் இறங்கினார். அன்று யாரும் அம்பு விடவில்லை என்பதைக் கவனியுங்கள். ஊர் மொத்தமும் காட்டுக்குள் ஓடி ஒளிந்தது. குழு பாதைகளைக் கண்டது, ஆளில்லாத குடிசைகளைக் கண்டது. நாட்கணக்கில் தேடி அவர்களுக்குக் கிடைத்தவர்கள் ஆறு பேர்: ஒரு வயதான தம்பதி, நான்கு குழந்தைகள். ஓட முடியாதவர்கள்தான் அகப்பட்டார்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆறு பேரையும் போர்ட் பிளேருக்குக் கொண்டு போனார்கள். போனதும் எல்லோரும் நோயில் விழுந்தார்கள். கிழவரும் அவர் மனைவியும் இறந்தார்கள். குழந்தைகளை, நிறையப் பரிசுப் பொருள்களோடு, திரும்பக் கொண்டுபோய் விட்டார்கள். இந்தப் பயணத்தால் அவர்களின் அச்சமும் பகையும் கூடியதுதான் மிச்சம் என்று போர்ட்மேனே பிற்பாடு எழுதிவைத்தார்.

அந்த நான்கு குழந்தைகளை என்னால் மறக்க முடிவதில்லை. அவர்கள் உடம்பில் எந்த நோயைச் சுமந்துகொண்டு ஊர் திரும்பினார்கள்? காட்டிலிருந்து வெளியே வந்து சூழ்ந்துகொண்டவர்களிடம் என்ன சொன்னார்கள்? எழுத்தில்லாத ஒரு சிறு ஊரில் அப்படி ஒரு செய்தி எத்தனை தலைமுறைக்கு நிற்கும் என்பதை, தாத்தா பாட்டியிடம் கதை கேட்டு வளர்ந்த நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

"அது வெள்ளைக்காரன் காலம், நாம் அப்படிச் செய்ய மாட்டோம்" என்பீர்கள். அக்கம்பக்கத்துத் தீவுகளில் நடந்ததைப் பாருங்கள். 1858-இல் போர்ட் பிளேரில் கைதிகள் குடியேற்றம் தொடங்கியபோது கிரேட் அந்தமானியர் எனப்படும் பத்துக் குழுக்களில் பல ஆயிரம் பேர் இருந்தார்கள். அவர்களை நல்வழிப்படுத்த 'அந்தமான் இல்லங்கள்' கட்டப்பட்டன. உணவு தந்தார்கள், துணி தந்தார்கள். கூடவே மேகநோய் வந்தது, 1877-இல் தட்டம்மை வந்தது. 1901 கணக்கெடுப்பில் மிஞ்சியவர்கள் 625 பேர். 1961-இல் 19. அந்தப் பத்துக் குழுக்களில் ஒன்றான போ குழுவின் மொழியைப் பேசிய கடைசி மனிதர் போவா சீனியர் என்ற மூதாட்டி. 2010 ஜனவரி 26 அன்று அவர் இறந்தார். தன் மொழியில் பேச ஓர் ஆள் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து இறந்தார்.

லிட்டில் அந்தமானின் ஓங்கே மக்கள் 1901-இல் 672 பேர், 2011-இல் 101 பேர். இவர்களுக்குச் சுதந்திர இந்தியா வீடு கட்டிக் கொடுத்தது, ரேஷன் கொடுத்தது, மருத்துவமனை கொடுத்தது. 2008 டிசம்பரில் கரை ஒதுங்கிய ஒரு பிளாஸ்டிக் கேனில் இருந்த திரவத்தைச் சாராயம் என்று எண்ணிக் குடித்து எட்டு ஓங்கே ஆண்கள் இறந்தார்கள். நூறு பேர் கொண்ட ஓர் இனத்தில் எட்டுப் பேர். சாராயம் என்ற ஒன்றை அவர்களுக்கு யார் பழக்கினார்கள் என்று நான் சொல்ல வேண்டுமா?

ஜாரவாக்கள் என்ற இன்னோர் அந்தமான் பழங்குடியினரின் கதை இன்னும் அருகில் இருக்கிறது, ஏனென்றால் அதை நானே கண்ணால் பார்த்தேன். பாராடாங் தீவின் சுண்ணாம்புக் குகைகளைப் பார்க்கப் போகிறவர்கள் ஜாரவாக் காட்டை வெட்டிப் போட்ட அந்தமான் டிரங்க் ரோடு வழியாகத்தான் போக வேண்டும். ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் விடியும் முன்பே வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். போலீஸ் காவலோடு கூட்டமாகத்தான் விடுவார்கள். நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, எதையும் வீசக் கூடாது என்று அறிவிப்புச் செய்தார்கள். எங்கள் பஸ் காட்டுக்குள் சிறிது தூரம் போனதும் முன் இருக்கையில் ஒருவர் "அதோ, அதோ" என்றார். ஒரே நொடியில் பஸ்ஸில் இருந்தவர்கள் அத்தனை பேரும் இடப்பக்கச் சன்னலுக்குச் சாய்ந்தோம். நானும்தான். சாலையோரம் ஒரு பெண் நின்றிருந்தாள், நெற்றியைச் சுற்றிச் சிவப்பு நூல், இடுப்பில் குழந்தை. அவள் பஸ்ஸைப் பார்க்கவே இல்லை. குழந்தையின் தலையை உள்ளங்கையால் மெல்லத் தன் தோள் பக்கம் திருப்பிக்கொண்டாள், நாம் வெயிலுக்குக் குழந்தையின் முகத்தைத் திருப்புவதுபோல. அவ்வளவுதான், பஸ் கடந்துவிட்டது. அந்தக் கையசைவு இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

இந்தச் சாலையின் ஜாரவாப் பகுதியை மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2002-இல் உத்தரவிட்டது. சாலை இன்றும் ஓடுகிறது. உணவைக் காட்டி ஜாரவாப் பெண்களை ஆடச் சொன்ன வீடியோ 2012-இல் வெளிவந்து நாடு தலைகுனிந்தது. 1990-களின் கடைசியில்தான் அவர்கள் தாங்களாகக் காட்டை விட்டு வெளியே வரத் தொடங்கினார்கள். 1999-லேயே தட்டம்மை அவர்களைப் பிடித்துவிட்டது.

இப்போது தடுப்பூசிக்கு வருவோம். ஒரு முறை போய் ஓர் ஊசி போட்டுவிட்டு வருவதாக நடக்காது இது. தட்டம்மைத் தடுப்பூசிக்கே இரண்டு தவணை வேண்டும். சளிக்காய்ச்சல் கிருமியோ ஆண்டுதோறும் உருமாறுவது. போட்டவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் அருகில் இருந்து பார்க்க வேண்டும். அவர்கள் மொழி நமக்குத் தெரியாது. ஓங்கேக்களை உடன் அழைத்துப் போனபோதும் அவர்களாலேயே புரிந்துகொள்ள முடியவில்லை. அப்படியிருக்க, எதற்காகத் தோலில் குத்துகிறோம் என்று எப்படிச் சொல்லிப் புரியவைப்பீர்கள்? ஆளைப் பிடித்து அமுக்கித்தான் போட வேண்டியிருக்கும். அப்படிச் செய்ய மருத்துவக் குழு போய் இறங்கும் முதல் நாளே, நமக்குத் தும்மலோடு போய்விடும் ஒரு கிருமி அந்தச் சின்னஞ்சிறு கூட்டத்தில் பாதியைக் கொண்டுபோகலாம். நோயைத் தடுக்கப் போகிறவர்தான் நோயைச் சுமந்து போகிறவர். இந்த முடிச்சை அவிழ்க்க இதுவரை யாரும் வழி கண்டுபிடிக்கவில்லை.

அரசு முயன்று பார்க்காமல் விட்டுவிடவும் இல்லை. 1967-இல் மானிடவியலாளர் டி. என். பண்டிட் உள்ளிட்ட குழு தீவில் இறங்கிக் குடிசைகளைக் கண்டது. மனிதர்கள் காட்டுக்குள் மறைந்துகொண்டார்கள். அதன் பின் ஆண்டுக்கணக்கில் படகில் போய்த் தேங்காயும் வாழைப்பழமும் பாத்திரங்களும் வைத்துவிட்டுத் திரும்புவதே வழக்கமாயிற்று. 1974-இல் படப்பிடிப்புக் குழு ஒன்றும் கூடப் போனது. ஒரு பொம்மையையும் கட்டிப்போட்ட பன்றியையும் கரையில் வைத்தார்கள். இரண்டையும் ஈட்டியால் குத்தி மணலில் புதைத்தார்கள் தீவுக்காரர்கள். இயக்குநரின் தொடையில் அம்பு பாய்ந்தது. ஆனால் தேங்காயையும் அலுமினியப் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டார்கள். எது வேண்டும், எது வேண்டாம் என்பதில் அவர்களுக்குக் குழப்பமே இருந்ததில்லை. தேங்காய்க்கு மட்டும் ஏன் இத்தனை வரவேற்பு என்றால், அந்தத் தீவில் தென்னை இல்லை.

1991 ஜனவரி 4 அன்று நடந்ததுதான் இந்த வரலாற்றிலேயே அழகான நாள். குழுவில் மதுமாலா சட்டோபாத்யாய் என்ற மானிடவியலாளரும் இருந்தார். அதுவரை போன குழுக்களில் ஆண்கள் மட்டுமே. படகிலிருந்து தேங்காய்களை ஒவ்வொன்றாக நீரில் மிதக்கவிட்டார்கள். சிலர் தயங்கித் தயங்கி நீருக்குள் இறங்கி எடுக்கத் தொடங்கினார்கள். தேங்காய் தீர்ந்ததும் கப்பலுக்குப் போய் மேலும் கொண்டுவந்தார்கள். அப்போது கரையில் நின்ற ஓர் இளைஞன் வில்லை வளைத்துக் குறிவைத்தான். பக்கத்தில் நின்ற ஒரு பெண் அவனைத் தள்ளினாள். அம்பு குறி தவறி நீரில் விழுந்தது. பிறகு அவனும் இறங்கித் தேங்காய் பொறுக்கினான். அந்தப் பெண் யார், அவனுக்கு என்ன உறவு, எதை நினைத்துத் தள்ளினாள் என்பதெல்லாம் நமக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் அன்று வந்தவர்களின் உயிர் அவள் கையில் இருந்தது.

பிப்ரவரியில் இரண்டாம் முறை போனபோது ஆயுதமில்லாமல் வந்து, படகிலேயே ஏறித் தேங்காய் எடுத்துக்கொண்டார்கள். குழுவில் ஒருவர் ஒரு தீவுக்காரரின் உடலில் இருந்த இலை அணிகலனை எடுக்கப் பார்த்தார். உடனே கத்தி வெளியே வந்தது, போகச் சொல்லிச் சைகை வந்தது. பண்டிட் கழுத்தளவு நீரில் படகை விட்டு விலகி நின்றபோது ஒரு சிறுவன் கத்தியைக் காட்டி அவரைத் திரும்பிப் போகச் சொன்னதும் அந்தக் காலத்துச் சந்திப்புகளில்தான். கொடுத்தால் வாங்குவோம், தொட்டால் பொறுக்க மாட்டோம், கரைக்கு மேலே வராதே. மொழி தெரியாமலே இவ்வளவும் புரிகிறதே!

1990-களின் நடுவில் அரசு இந்தப் பயணங்களை நிறுத்தியது. கிரேட் அந்தமானியருக்கும் ஓங்கேக்களுக்கும் ஆனதைப் பார்த்த பிறகு எடுத்த முடிவு அது. சுதந்திர இந்தியா பழங்குடியினர் தொடர்பாக எடுத்த முடிவுகளில் அடக்கமும் அறிவும் சேர்ந்த முடிவு என்று இதைத்தான் சொல்வேன். 1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குவிதி ஏற்கெனவே இருந்தது. இப்போது தீவைச் சுற்றி 5 கடல் மைலுக்குள் யாரும் போகக் கூடாது. கடலோரக் காவல் படை தூரத்திலிருந்து பார்த்துக்கொள்ளும். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பின் நிலைமை பார்க்கப் போன ஹெலிகாப்டரை நோக்கி ஒருவர் கரையில் நின்று வில்லை வளைத்த படம் உலகம் முழுக்கப் போனது. பவளப்பாறையே கடலுக்கு மேல் எழும்பிவிட்ட அந்தப் பேரழிவில் அவர்கள் பிழைத்திருந்தார்கள்.

மக்கள்தொகை எவ்வளவு என்று அடிக்கடி கேட்கிறார்கள். 2001 கணக்கெடுப்பில் 39, 2011-இல் 15. இவை படகிலிருந்து கரையில் கண்ட தலைகள். இதை வைத்து "அழிந்துகொண்டிருக்கிறார்கள்" என்று தலைப்பிடுவது பொறுப்பற்ற செயல். "60,000 ஆண்டுகளாக அங்கேயே இருக்கிறார்கள்" என்பதும் அப்படித்தான். அவர்களின் மரபணுவை யாரும் எடுத்ததே இல்லை, தீவில் அகழாய்வும் நடந்ததில்லை. நரமாமிசக் கதைக்கும் ஆதாரம் இல்லை. 2006-இல் கரையில் ஒதுங்கிக் கொல்லப்பட்ட இரண்டு மீனவர்களின் உடல்களை ஹெலிகாப்டர் தேடிப் போனபோது, அதன் காற்று மணலைக் கிளப்பியது. அடியில் ஆழமில்லாத குழிகளில் உடல்கள் தெரிந்தன. புதைத்திருந்தார்கள்.

உங்கள் கேள்வியில் என்னை மிகவும் வருத்தும் பகுதி குழந்தைகள். அங்கே ஒரு தாய் பிரசவத்தில் இறந்துபோகலாம், சாதாரண மருந்தால் தீரும் காய்ச்சலில் ஒரு குழந்தை போகலாம். அது உண்மை, அதை மறைத்து நான் வாதாட விரும்பவில்லை. ஆனால் அந்த வாசல் நம் பக்கம் பூட்டப்பட்டதில்லை. ஜாரவாக்கள் வெளியே வந்ததற்குக் கொஞ்சம் முன்பு, கால் முறிந்து கிடந்த ஒரு ஜாரவா இளைஞனைப் போர்ட் பிளேர் மருத்துவமனையில் மாதக்கணக்கில் வைத்துக் குணமாக்கி அனுப்பினார்கள். அதற்குப் பிறகுதான் அவர்கள் வரத் தொடங்கினார்கள். சென்டினல் மக்களும் வேண்டுமென்று நினைத்தால் கரையில் வில் இல்லாமல் நிற்க அவர்களுக்குத் தெரியும். 1991-இல் நின்றார்களே. அந்த நாள் வந்தால் தயாராக இருக்க வேண்டியது நம் கடமை. அதுவரை அவர்களுக்காக நாம் முடிவெடுப்பது 1880-இல் நடந்ததன் நீட்சியாகவே இருக்கும்.

எனக்கு இப்போதுள்ள கவலை வேறு. மீனும் கடல் அட்டையும் திருடப் போகும் படகுகள் ஒரு பக்கம். 2018-இல் வெளிநாட்டவருக்கான அனுமதிக் கட்டுப்பாட்டை 29 தீவுகளுக்குத் தளர்த்தியபோது அந்தப் பட்டியலில் வடக்கு சென்டினலையும் சேர்த்தார்கள். மற்றச் சட்டங்களின் தடை அப்படியே இருந்தது என்றாலும் அந்தப் பெயர் அங்கே வந்திருக்கவே கூடாது. அதே ஆண்டு நவம்பரில் ஓர் அமெரிக்க மதப் பிரசாரகர் மீனவர்களுக்குப் பணம் கொடுத்து இரவில் படகில் போய், பிறகு தீவில் இறங்கி, 26 வயதில் உயிரை விட்டார். உடலை மீட்கப் போன போலீஸ் படகு, கரையில் வில்லோடு நின்றவர்களைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு மோதல் வேண்டாமென்று திரும்பியது. அந்த அதிகாரிகள் செய்தது சரி.

2025 மார்ச்சில் 24 வயதான இன்னோர் அமெரிக்க இளைஞர் தனியாகப் படகில் போனார். கரைக்கு வெளியே நின்று நெடுநேரம் விசில் ஊதிப் பார்த்தார், யாரும் வரவில்லை. ஐந்து நிமிடம் இறங்கி, மணலைக் கொஞ்சம் அள்ளிக்கொண்டு, வீடியோ எடுத்துக்கொண்டு, ஒரு தேங்காயையும் ஒரு குளிர்பான டப்பாவையும் வைத்துவிட்டு வந்தார். சில நாளில் கைதானார். அந்த டப்பாவை யாராவது தொட்டார்களா, எடுத்துப் போனார்களா, அதன் பிறகு யாருக்காவது காய்ச்சல் கண்டதா என்று போய்ப் பார்க்க முடியாது. பார்க்கப் போகிறவரும் அதே கரையில்தான் இறங்க வேண்டும்.